உங்களை மறக்காத ஒருத்தி

மனிதன் மனிதனுக்குக் காட்டிய அன்பின் வரலாற்றை என்றைக்காவது யாராவது உட்கார்ந்து எழுதினால், அதில் பாதிப் புத்தகம் எங்கள் கடையின் கல்லாவைப் பற்றித்தான் இருக்கும். மீதிப் பாதி என்னைப் பற்றி இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். ஊரிலேயே பெரிய வீட்டுச் சாமான் கடையின் 'உறவு வளர்ப்புத் துறை'த் தலைவர். துறையில் மொத்தம் ஒரே ஆள். அதனால் தலைவர் பேச்சைக் கேட்காதவர் என்று எவரும் கிடையாது. மாடிப்படிக்கு அடியில், வாளிகளுக்கும் துடைப்பங்களுக்கும் நடுவே என் மேஜை. நிமிர்ந்து உட்கார்ந்தால் படி தலையில் இடிக்கும். ஆகவே எப்போதும் பணிவாகவே இருப்பேன்.

பழைய காலத்துக் கடைக்காரர்கள் ஈவிரக்கம் இல்லாதவர்கள். சாமானைக் கொடுத்தார்கள், காசை வாங்கினார்கள், போய் வாருங்கள் என்று கைகழுவிவிட்டார்கள். வாங்கியவன் வீடு போய்ச் சேர்ந்தானா, உயிரோடு இருக்கிறானா, இன்னொரு வாளி வாங்கும் நிலைமையில் இருக்கிறானா என்று எவனாவது விசாரித்தானா? எங்கள் முதலாளிக்கு அந்தக் கல்நெஞ்சம் கிடையாது. எங்கள் கடையில் குண்டூசி வாங்கினாலும் போன் நம்பர் கேட்போம். நம்பரைத் தட்டினால்தான் மெஷினிலிருந்து பில் வெளியே வரும். பில்லைக் காட்டினால்தான் வாசல் காவலாளி ஆளை வெளியே விடுவார். அன்பிலிருந்து தப்பிக்க ஒரு சந்துகூட விடாமல் எல்லாம் கச்சிதமாக அடைக்கப்பட்டிருந்தது.

முதலாளி பெரிய சிந்தனையாளர். மைக்கைப் பிடித்தால் பொன்மொழியாக உதிரும். அது வீணாகக் கூடாது என்று அவரே ஒரு சட்டம் போட்டிருந்தார்: மைக்கில் அவர் சொல்லும் முத்தான வாக்கியத்தை, போர்டு எழுதுபவர் அன்று மாலைக்குள் கொட்டை எழுத்தில் எழுதி, கீழே முதலாளியின் கையெழுத்தையும் வரைந்து, கல்லாவுக்கு மேலே மாட்டிவிட வேண்டும். அப்படி ஏற்கெனவே இரண்டு தொங்கின. 'நம்பர் கொடுத்தவர் நமக்குச் சொந்தம்' என்பது ஒன்று. 'சொந்தத்தை வெட்டிவிடுகிறவன் மனிதனே இல்லை' என்பது மற்றொன்று. தம்முடைய நம்பரை மட்டும் அவர் எங்களில் ஒருவருக்கும் கொடுத்ததில்லை. "கொடுத்தா தொல்லைப்பா" என்பார். அதை மைக் இல்லாமல் சொன்னதால் போர்டில் ஏறவில்லை.

வாங்கிய நம்பர்களுக்கு அன்பு செலுத்துவது என் பொறுப்பு. ஒருநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "மெசேஜ் போனா கடையிலேர்ந்து வருதுன்னு தெரியவே கூடாது. நெருங்கின சொந்தம் ஒருத்தர் விசாரிக்கற மாதிரி இருக்கணும்" என்றார். நான் படிக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து, உருகி உருகி எழுதினேன். 'பாப்பாவுக்கு வாங்கிய டயப்பர் சரியாக இருந்ததா? மறுபடி எப்போது வருவீர்கள்? வழிமேல் விழி வைத்துக் காத்திருக்கிறேன். இப்படிக்கு, உங்களை மறக்காத ஒருத்தி.' டயப்பர் என்ற இடத்தில், அவரவர் வாங்கிய சாமானின் பெயரை மெஷினே போட்டுக்கொள்ளும். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கிவிட்டது. முதலாளியிடம் காட்டினேன். "இதையெல்லாம் படிச்சிட்டிருக்க எனக்கு ஏதுப்பா நேரம்? அனுப்பு" என்றார்.

இத்தனை சொந்தங்களை நாங்களே வைத்துக்கொள்வதும் சுயநலம் அல்லவா? கடன் கொடுப்பவர்கள், மனை விற்பவர்கள், வழுக்கையில் முடி வளர்ப்பவர்கள் எல்லாரும் சொந்தபந்தம் இல்லாமல் தவித்தார்கள். முதலாளி தாராளமாக நம்பர்களை அவர்களோடு பகிர்ந்துகொண்டார். அதற்காக அவர்கள் எதையோ கவரில் வைத்து நீட்டினார்கள். வேண்டாம் என்றால் மனம் நோகுமே என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

கல்லாவில் உட்காருகிறவர்களுக்கு விதி ரொம்ப எளிது. வருகிற அத்தனை பேரிடமும் நம்பர் வாங்க வேண்டும். ஒருவர் தப்பினாலும் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம். இரண்டாம் கல்லாவில் இருந்தவள் அப்படித்தான் போனாள். யாரோ ஒருவர், நம்பர் தரமாட்டேன் என்று சொல்லி, எடுத்த சீப்பை வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சீப்பு இன்னும் கடையில் இருக்கிறது. அவள்தான் இல்லை.

மூன்றாம் கல்லாவுக்குப் புதிதாக வந்தவளை நாங்கள் 'மூணாம் கல்லா' என்றே கூப்பிட்டோம். தற்காலிக வேலை. அவள் கணவன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தான். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது இவள் சம்பளத்தில்தான். வேலை நிரந்தரமா, இல்லை வீட்டுக்கா என்பதை முதலாளி ஆண்டு விழாவில் சொல்வார். மூணாம் கல்லா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "சார், நிரந்தரம் ஆயிடும்ல?" என்று கேட்பாள்.

"நூத்துக்கு நூறு நம்பர் வாங்கிடும்மா. தானா ஆயிடும்" என்பேன்.

அவளிடம் எனக்கு ஒரு கவலை இருந்தது. நம்பர் கேட்கும்போது அவள் குரல் உள்ளே போய்விடும். கடன் கேட்கிறவள் மாதிரி கூசிக் கூசிக் கேட்பாள். ஒருநாள் எதிர்த்த தெருத் தையல்காரர் ஒற்றை பல்போடு அவள் முன்னால் வந்து நின்றார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"நம்பர் சொல்லுங்கண்ணே" என்றாள்.

"என்ன நம்பர்?"

"உங்க போன் நம்பர்."

"பல்புக்கு எதுக்கும்மா போன் நம்பர்? பல்பு எனக்குப் போன் பண்ணுமா?"

விஷயம் என் துறைக்குள் வந்துவிட்டதால் படிக்கு அடியிலிருந்து வெளிப்பட்டேன். "ஐயா, உங்க மேல இருக்கற அக்கறையில கேக்கறோம்."

"என் மேல என் மாமியாருக்கே அக்கறை கிடையாது. உங்களுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

"நாளைக்கு பல்பு நல்லா எரியுதான்னு விசாரிப்போம் ஐயா."

"எரிஞ்சா வெளிச்சமா இருக்கும். எரியலன்னா இருட்டா இருக்கும். இதை நீங்க விசாரிச்சுதான் நான் தெரிஞ்சுக்கணுமா?"

"ஊர்ல எல்லாரும் கொடுக்கறாங்க. உங்களுக்கு மட்டும் என்ன?"

தையல்காரர் பல்பை மேஜைமேல் வைத்தார். "இங்க பாருங்க. நானும் தொழில் பண்றவன்தான். சட்டை தைக்க வர்றவரோட இடுப்பை அளப்பேன். அவரும் கையைத் தூக்கிட்டு நிப்பாரு. பட்டன் வாங்க வந்தவரோட இடுப்பை அளந்தேன்னா செருப்பைக் கழட்டிடுவாரு. எனக்கு வேலை கெடக்கு. பல்பைத் தர்றீங்களா, இல்லையா?"

அன்புக்குக் கட்டுப்படாத இப்படிப்பட்ட முரடர்களும் உலகில் இருக்கிறார்கள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்ததால் நான் அவசர வேலை இருப்பதுபோல் வாளிகளுக்குள் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால், மெஷின் 'கிர்ர்' என்று பில்லைத் துப்புகிறது. தையல்காரர் பல்போடு வாசலைத் தாண்டுகிறார்!

ஓடிப்போய்க் கேட்டேன். "எப்படிம்மா வாங்கின?"

"கெடச்சிடுச்சு சார்" என்றாள், அடுத்தவரின் சாமானைக் கையில் எடுத்தபடி.

பூரித்துப் போனேன். அன்றிலிருந்து நாள் தவறாமல் பார்த்தேன். நூற்றுக்கு நூறு! கத்திப் பேசுகிறவர், முறைக்கிறவர், வக்கீல் என்று யாராக இருந்தாலும் மூணாம் கல்லாவில் நம்பர் கொடுக்காமல் ஒருவரும் போகவில்லை. 'மௌனமே இவளது ஆயுதம்' என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினேன்.

கடை இப்படி ஓகோ என்று போய்க்கொண்டிருந்த நேரத்தில் முதலாளிதான் இளைத்துப்போனார். கண்ணுக்குக் கீழே கருவளையம். சட்டைப்பையில் போன் அதிர்ந்தால், தேள் கொட்டியதுபோல் துள்ளுவார். அலுவலக அறைச் சோபாவில் தலையணை ஒன்று வந்து சேர்ந்தது. எல்லாம் கடைமேல் உள்ள பக்தி என்று நான் நினைத்துக்கொண்டேன். அவருடைய டிரைவர்தான் என் காதோடு சொன்னார்.

"வீட்டுல அம்மா அவர்கிட்ட முகம் கொடுத்தே பேசறதில்ல. யாரோ ஒரு பொம்பளை ஐயாவுக்கு விடாம மெசேஜ் அனுப்பறாளாம். உங்களையே நெனச்சிட்டு இருக்கேன், எப்ப வருவீங்கன்னு. நகப்பூச்செல்லாம் வாங்கிக் கொடுத்திருக்காராம். குழந்தைகூட இருக்கும்போல."

"நம்ம முதலாளியா!"

"அவரு சத்தியம் பண்றாரு, யாருன்னே தெரியாதுன்னு. அம்மா நம்பணுமே."

எனக்கு வயிறு எரிந்தது. ஒரு நல்ல குடும்பத்தில் இப்படிக் கொள்ளி வைக்கிறாளே, அவள் உருப்படுவாளா, நாசமாய்ப் போக, என்று வாயாரச் சபித்தேன். சபித்துவிட்டு, அன்றைய மெசேஜ்களை அனுப்பப் போனேன்.

ஆண்டு விழா வந்தது. கடையோடு அதிகமாக உறவாடிய ஒருவருக்குச் 'சொந்தத் திலகம்' என்ற பட்டமும் வாஷிங் மெஷினும் தருவதாக ஏற்பாடு. கணினிப் பிரிவுக்காரர் மெஷினிடம் கேட்டு ஒரு நம்பரைக் கொண்டுவந்தார். அவர் முகம் சரியில்லை.

"சார், இந்த ஆள் தினமும் வர்றாரு. ஒரே நாள்ல டயப்பரும் வாங்கறாரு, ஊன்றுகோலும் வாங்கறாரு. காலையில எலிப்பொறி, மத்தியானம் நகப்பூச்சு, சாயங்காலம் ஸ்கிப்பிங் கயிறு. எனக்கென்னவோ சந்தேகமா இருக்கு."

"பெரிய குடும்பமா இருக்கும்யா. எல்லாருக்கும் பார்த்துப் பார்த்து வாங்கறாரு. இப்படி ஒரு மனுஷன் மேல போய்ச் சந்தேகப்படறியே, நீ நல்லா இருப்பியா?" என்றேன். அவர் நம்பரை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

கீழ்த்தளத்தில் பிரிட்ஜ் வரிசைகளை ஒதுக்கி மேடை போட்டோம். வருகிறவர்களுக்கு எல்லாம் ஒரு வாளி இலவசம் என்று அறிவித்ததால் ஊரே திரண்டது. தையல்காரரும் வந்திருந்தார். முன்வரிசையில் முதலாளியம்மா. மேடையில் கணவர் இருந்த திசையைத் தவிர மற்ற எல்லாத் திசையையும் பார்த்துக்கொண்டிருந்தார். மூணாம் கல்லா பின்னால் ஒரு பிரிட்ஜின் பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். இன்றைக்குத்தான் அவளுக்கும் தீர்ப்பு.

முதலாளி மைக்கைப் பிடித்தார். போர்டு எழுதுபவர் பெயிண்ட் டப்பாவைத் திறந்து தயாரானார். நான் எழுந்து, "நம் 'சொந்தத் திலகம்' யாரென்று தெரிந்துகொள்ள, இப்போதே, உங்கள் எல்லார் முன்னிலையிலும், போன் போட்டு அழைக்கப்போகிறேன்" என்று அறிவித்தேன். பின்னாலிருந்த திரையில் அந்த நம்பர் ஆளுயரத்துக்குத் தெரிந்தது. முதலாளி மட்டும் திரைக்கு முதுகைக் காட்டி நின்றார். என் போனை ஸ்பீக்கரில் வைத்து அழைத்தேன்.

மணி அடித்தது. எங்கோ பக்கத்தில் அடித்தது. மேடையிலேயே அடித்தது. முதலாளியின் சட்டைப்பைக்குள் அடித்தது.

அவர் போனை எடுத்துப் பார்த்தார். யாரென்று தெரியாத நம்பர். இத்தனை நாள் பட்டதெல்லாம் முகத்தில் ஏறியது. போனைக் காதில் வைத்தார்; இன்னொரு கையில் மைக் இருந்ததை மறந்தே போனார்.

"யார்றா அது? மறுபடியும் நீங்களா? இங்கயும் நிம்மதியா விடமாட்டீங்களா? என் நம்பர் உங்களுக்கு எப்படிடா கெடச்சுது? விருப்பம் இல்லாதவன் நம்பரை வாங்கி, அவன் வீட்டுக்குள்ள புகுந்து, நிம்மதியைக் கெடுக்கறவன் திருடன்! பச்சைத் திருடன்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. தையல்காரர் நாற்காலிமேல் ஏறி நின்று தட்டினார். முதலாளி இவ்வளவு உணர்ச்சியாக இதற்குமுன் பேசியதே இல்லை. போர்டு எழுதுபவர் பிரஷ்ஷை முக்கினார்.

"சார்" என்றேன் போனில். என் குரல் அவர் காதில் இரண்டு பக்கமும் கேட்டிருக்கும். "நான்தான் சார். வாழ்த்துகள்."

அப்புறம் நடந்ததை எல்லாம் விவரிப்பது மரியாதை இல்லை, ஆனாலும் விவரிக்கிறேன். நம்பர் எந்தக் கல்லாவிலிருந்து வந்தது என்று கணினிப் பிரிவுக்காரர் பார்த்துச் சொன்னார். மூணாம் கல்லாவை மேடைக்கு இழுத்துவந்தார்கள்.

"என் நம்பர் உனக்கு எப்படித் தெரியும்?" என்று முதலாளி கர்ஜித்தார்.

"உங்க நம்பர்னு சத்தியமா தெரியாது சார். நான் சேர்ந்த புதுசுல ஒரு அம்மா துடைப்பம் வாங்க வந்தாங்க. நம்பர் கேட்டதும் முகம் சுளிக்காம சிரிச்சிட்டே சொன்னாங்க. அப்படிச் சொன்னது அவங்க ஒருத்தங்கதான். மனசுல நின்னுடுச்சு. அதுக்கப்புறம் யாராச்சும் தரமாட்டேன்னா, அதையே போட்டுடுவேன். நம்பர் இல்லன்னா வேலை இல்லைன்னாங்களே சார். வீட்டுக்காரர் எழுந்து நடக்க முடியாம கெடக்கறாரு. நான் என்ன பண்ணுவேன்?"

"யாரு அந்த அம்மா? அவ எதுக்கு என் நம்பரைச் சொன்னா?"

முன்வரிசையில் முதலாளியம்மா எழுந்தார். "நான்தான் சொன்னேன். நம்ம கடைன்னா எல்லாரும் எழுந்து நின்னு சலாம் போடுவாங்கன்னு, சொல்லாம கொள்ளாம வந்தேன். எந்தக் கடையில கேட்டாலும் உங்க நம்பரைத்தான் சொல்வேன்."

"உன் நம்பரைச் சொல்றதுக்கு என்ன?"

"என் நம்பரைக் கொடுத்தா தொல்லை இல்லையா?" என்றார் அம்மா. சொன்ன பிறகுதான் அவருக்கு ஏதோ பொறி தட்டியது. மூணாம் கல்லாவின் பக்கம் திரும்பினார். "அப்போ அந்த டயப்பர்?"

"யாரோ வாங்கினது அம்மா."

"நகப்பூச்சு?"

"அதுவும் யாரோ."

"சரி. உங்களை மறக்காத ஒருத்தின்னு ஒருத்தி தினம் உருகறாளே, அவ யாரு?"

ஒளிந்துகொள்ள அங்கே மாடிப்படி இல்லை. நான் கையைத் தூக்கினேன். "நான்தான் அம்மா அந்த ஒருத்தி."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் மீசையைப் பார்த்தார், வழுக்கையைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என்னால் பிரிந்த ஒரு குடும்பம் என்னாலேயே ஒன்று சேர்ந்தது. என் துறையின் மகத்தான சாதனையாக இதை நான் கருதுகிறேன்.

முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. கணினிப் பிரிவுக்காரரைப் பார்த்து, "என் நம்பரை இப்பவே எடுய்யா" என்றார்.

"எடுக்க முடியாது சார். நம்பரைச் சேர்க்கத்தான் வழி இருக்கு. எடுக்கறதுக்கும் ஒரு வழி வைக்கலாமான்னு அன்னிக்கே கேட்டேன். நீங்கதான் மைக்கில..." என்று அவர் இரண்டாவது போர்டைக் காட்டினார். சொந்தத்தை வெட்டிவிடுகிறவன் மனிதனே இல்லை.

"கடன்காரங்ககிட்டயும் மனைக்காரங்ககிட்டயும் போனதையாவது திரும்ப வாங்கு!"

"அவங்க அதை வேற ஆளுங்களுக்கு வித்திருப்பாங்க சார். நம்மளை மாதிரியே."

மிச்சமிருந்த கோபம் முழுக்க ஒரே பக்கம் பாய்ந்தது. "முதல்ல இவளை வெளிய அனுப்பு!" என்று மூணாம் கல்லாவை நோக்கி விரலை நீட்டினார். அவள் மேடையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

முதலாளியம்மா மேடை ஏறினார். "என்னன்னு சொல்லி அனுப்புவீங்க? விருப்பம் இல்லாதவர் நம்பரை எடுத்துப் போட்டுட்டான்னா? இந்தக் கடையில வேற என்ன வேலை நடக்குது? நீங்க சொன்ன வேலையைத்தான் அந்தப் பொண்ணு செஞ்சா. ஊரார் நம்பரா இருந்தவரைக்கும் உங்களுக்கு உறைக்கல." மைக்கை அவர் வாயருகே பிடித்தார். "நிரந்தரம்னு சொல்லுங்க. இல்லன்னா ஆயுசுக்கும் அந்தச் சோபாதான்."

முதலாளி சோபாவை நினைத்துப் பார்த்தார். முதுகைத் தடவிக்கொண்டார். "நிரந்தரம்" என்றார்.

மைக்கில் சொன்னது சொன்னதுதான். மூணாம் கல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நெஜமாவா அம்மா?" என்று கேட்டுவிட்டு, கணவனுக்குச் சொல்லப் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

இந்தக் களேபரத்தில் ஒருவரைக் கவனிக்க எல்லாரும் மறந்துவிட்டோம். நிமிர்ந்து பார்த்தபோது, போர்டு எழுதுபவர் கல்லாவுக்கு மேலே மூன்றாவது போர்டை மாட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். 'விருப்பம் இல்லாதவன் நம்பரை வாங்கி, அவன் நிம்மதியைக் கெடுக்கறவன் திருடன். பச்சைத் திருடன்.' கீழே முதலாளியின் கையெழுத்து. பச்சை என்ற சொல்லைப் பச்சை பெயிண்டிலேயே எழுதியிருந்தார், கலைஞர் அல்லவா.

முதலாளி அதைக் கழற்றச் சொன்னார். கழற்றலாம், ஆனால் அவரே போட்ட சட்டப்படி, முன்பு சொன்னது தவறு, அப்படிச் செய்கிறவன் திருடன் இல்லை என்று மைக்கில் சொல்ல வேண்டும். சொன்னால் அதையும் மாலைக்குள் மாட்டிவிடுவார்கள். முதலாளி நெடுநேரம் யோசித்துவிட்டு, இருக்கிறதே இருக்கட்டும் என்று போய்விட்டார். நம்பர் கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை. கவரில் வருவதை எப்படி நிறுத்துவது?

போன வாரம் தையல்காரர் மறுபடி ஒரு பல்போடு வந்தார். மூணாம் கல்லா இப்போதெல்லாம் கூசுவதில்லை. தலையை நிமிர்த்தி, "நம்பர் சொல்லுங்கண்ணே" என்றாள். நான் வாளிகளுக்குப் பின்னால் பதுங்கினேன். ஆனால் தையல்காரர் சண்டை போடவே இல்லை. புன்னகையோடு, ஒரு இலக்கம் தவறாமல், மனப்பாடமாக ஒரு நம்பரைக் கடகடவென்று ஒப்பித்தார். அவருக்குப் பின்னால் நின்றவரும் அதே நம்பரைச் சொன்னார். அவருக்குப் பின்னால் நின்ற அம்மாளும் அதையே சொன்னார். அன்று திரையில் ஆளுயரத்துக்குப் போட்டுக் காட்டியது நான் அல்லவா? விசாரித்தால், மருந்துக்கடை, செருப்புக்கடை, துணிக்கடை என்று ஊரில் எந்தக் கல்லாவில் கேட்டாலும் இப்போது இந்த ஒரே நம்பர்தானாம்.

இதில் எங்கள் கடைக்கு எவ்வளவு பெருமை, பாருங்கள். மற்ற கடைகளில் திருடன் யாரென்றே வாடிக்கையாளருக்குத் தெரியாது. எங்கள் கடையில் கல்லாவுக்கு மேலே அவர் யாரென்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்; கல்லாவில் நிற்கும் யாரைக் கேட்டாலும் அவருடைய நம்பரையும் சொல்லிவிடுவார்கள்.